கீமோவுக்குப் பிறகு குடல் படும் பாடு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. பேதி, மலச்சிக்கல், அடிவயிற்று வலி என்று எல்லாமே வயிறு சம்பந்தப்பட்ட கேள்விகள். டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். கீமோ எடுப்பவர் ஆபத்தான நிலைக்குப் போகும் வழிகளில் குடல் முக்கியமான ஒன்று. நேரத்தோடு சொன்னால் அநேகமாக எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம்.

படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ட்ரிப் ஏற்றிய தேதியில் '1' என்று எழுதி, அடுத்தடுத்த தாள்களில் 2, 3, 4 என்று எண் போட்டு வாருங்கள். அந்தந்த நாள் எத்தனை முறை போனார், தண்ணீராகவா கூழாகவா, உடம்புச் சூடு எவ்வளவு என்பதை அதே தாளில் குறியுங்கள். கீழே உள்ள பதில்களில் 'எத்தனையாவது நாள்' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். 2-ஆம் நாள் பேதியும் 10-ஆம் நாள் பேதியும் ஒன்றல்ல. ஒன்றில் காப்பாற்றும் மாத்திரை மற்றொன்றில் ஆளையே சாய்த்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிப்ளாட்டின் ட்ரிப்பும் கூடவே 14 நாள் கேப்சிடபின் மாத்திரையும் கொடுக்கிறார்கள். இரண்டாவது சைக்கிளில் (சுற்றில்) 9-ஆம் நாளிலிருந்து தினம் ஆறேழு முறை போகிறது. ராத்திரியும் எழுந்து போகிறார். மாத்திரையை விட்டால் நோய் திரும்பிவிடும் என்று பயந்து ஒரு வேளைகூட விடாமல் சாப்பிடுகிறார். நிறுத்தலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: நிறுத்த வேண்டும். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

கேப்சிடபினைப் பொறுத்தவரை விதி தெளிவானது. வழக்கமாகப் போவதைவிட ஒரு நாளில் நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலும், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். கணக்கு அவரவர் வழக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. தினம் ஒரு முறை போகிறவருக்கு ஐந்து என்பதே நான்கு கூடுதல். ஏழு கூடுதல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவர்கள், பையை எத்தனை முறை காலி செய்கிறோம், எவ்வளவு தண்ணீராக வருகிறது என்று பார்க்க வேண்டும்.

குடலின் உள்தோலில் உள்ள செல்கள் நான்கைந்து நாளைக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் கீமோ மருந்தின் வேலை. அதில் குடல் செல்லும் சேர்ந்து அடிபடுகிறது. உள்தோல் தேய்ந்துபோன குடலால் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்ச முடியாது. மாத்திரை தொடர்ந்து உள்ளே போனால் அது ஆற வழியே இல்லை. இன்னொன்றும் உண்டு. கேப்சிடபின் உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியவை. பேதியால் உடம்பு வற்றினால் சிறுநீரகம் மந்தமாகும், மருந்து உடம்பிலேயே தங்கும், பேதி இன்னும் அதிகமாகும்.

சில நாள் இடைவெளி விட்டதால் நோய் திரும்பிவிடாது என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பேதி அடங்கியதும் டாக்டர் அதே அளவிலோ, முக்கால் பங்காகக் குறைத்தோ மறுபடி தொடங்குவார். விட்டுப்போன மாத்திரைகளைக் கடைசியில் சேர்த்து விழுங்கக் கூடாது. விட்டது விட்டதுதான்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. முதலில் தெர்மாமீட்டர் வையுங்கள். காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, வயிறு உப்பிக் கல்லாகவும் இல்லை என்றால் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கொடுக்கலாம். 2 மி.கி. மாத்திரை இரண்டை முதலில் சேர்த்து, பிறகு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பின்பும் ஒன்று. ஒரு நாளில் மொத்தம் எட்டுக்கு மேல், அதாவது 16 மி.கி.க்கு மேல் கூடாது. 24 மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் மேற்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். கேப்சிடபின் சில சமயம் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் புண்ணாக்கிவிடும். அந்தப் பேதி லோபரமைடுக்குக் கட்டுப்படாது.

அப்பா ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவரா? டெல்மிசார்டான் போன்றவை, சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகள், மெட்ஃபார்மின் இவற்றைப் பேதி இருக்கும்போது தொடரலாமா என்று அதே போனில் கேட்டுவிடுங்கள். உடம்பு வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்தை இன்னும் படுத்தும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். கேப்சிடபினோடு சேரும்போது அதன் வேகம் கூடி ரத்தக்கசிவு வரும்.

எழுந்து நின்றால் கண் இருட்டுவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது அல்லது தேநீர் நிறத்தில் சொட்டுவது, குடிப்பதெல்லாம் வாந்தியாவது, கால் குரக்களி பிடிப்பது: இதில் ஒன்று இருந்தாலும் அட்மிஷன்தான். அங்கே கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம், வெள்ளையணு எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து ட்ரிப் போடுவார்கள்.

உங்கள் அப்பாவுக்கு இது இரண்டாவது சைக்கிள். முதல் சைக்கிளிலேயே, சில நாள்களுக்குள் கடுமையான பேதி, வாய் முழுக்கப் புண், வெள்ளையணு வீழ்ச்சி மூன்றும் சேர்ந்து வந்தவர்கள் இதைக் கவனியுங்கள். இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் டி.பி.டி. என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்குச் சாதாரண அளவே விஷமாகும். ட்ரிப் வழி கொடுக்கும் இதே வகை மருந்தான 5-எஃப்.யூ.வுக்கும் இது பொருந்தும். ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து கண்டுபிடிக்கலாம். இந்த மருந்துகளைத் தொடங்கும் முன்பே அதைச் செய்யச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் பரிந்துரைத்தது. உங்கள் ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள்.

கேள்வி: பேதியாகும்போது இளநீர் கொடுத்தால் போதுமா? அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுக்கப் பயமாக இருக்கிறது. மோர் ஊற்றலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. பேதியில் உடம்பு இழப்பது முக்கியமாகச் சோடியத்தை. அதனால் இளநீர் கூடுதலாக இருக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக இருக்கக் கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இளநீரே வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானம் என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். 20.5 கிராம் தூள், காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்கு. முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். பாதியைப் பிரித்து ஒரு டம்ளரில் போட்டால் உப்பு எங்கே போகிறது, சர்க்கரை எங்கே போகிறது என்ற கணக்கே கெட்டுவிடும். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரு லிட்டரில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். குடல் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ள அந்தச் சர்க்கரை தேவை. சர்க்கரை நோயாளிக்கும் பேதி நேரத்தில் கொடுக்கலாம், ரத்தச் சர்க்கரையை மட்டும் அடிக்கடி பாருங்கள். அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் வேறு. அவற்றில் சர்க்கரை பல மடங்கு, அது பேதியைக் கூட்டும்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு முறை போன பின்பும் ஒரு டம்ளர், மடமடவென்று அல்ல, வாய் வாயாக.

பால் வேண்டாம். புண்பட்ட குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோகும். பேதி நின்ற பிறகும் ஒரு வாரமாவது பாலும் காப்பியும் ஒதுக்குவது நல்லது. மோர், தயிர் விஷயத்தில் வெள்ளையணு எண்ணிக்கைதான் பேசும். எண்ணிக்கை நன்றாக இருந்தால் வீட்டில் அன்றன்று உறை ஊற்றிய தயிரில் மோர் கொடுக்கலாம். குறைவாக இருக்கும் நாள்களில் வேண்டாம். கடையில் விற்கும், 'நல்ல கிருமிகள்' அடங்கிய புரோபயாட்டிக் பொடி, மாத்திரைகளையும் அந்த நாள்களில் தவிர்க்க வேண்டும். புண்ணான குடல் வழியாக அந்தக் கிருமிகளே ரத்தத்தில் கலந்த சம்பவங்கள் உண்டு. உப்புப் போட்ட கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம், வேக வைத்த உருளைக்கிழங்கு போதும். கீரை, பயறு, காரக் குழம்பு, எண்ணெய்ப் பலகாரம் இரண்டு மூன்று நாள் ஒதுங்கட்டும்.

கேள்வி: என் மனைவிக்கு இரினோடிகான் ட்ரிப் ஏறும்போதே வியர்த்துக் கொட்டி, எச்சில் ஊறி, வயிற்றைப் பிசைந்து பேதியானது. ஓர் ஊசி போட்டதும் நின்றது. வீட்டுக்கு வந்து ஆறாம் நாள் மறுபடி பேதி. அதே ஊசியைப் போடச் சொல்லலாமா? (வாசகர், சேலம்)

பதில்: இரண்டும் வேறு வேறு. முதலில் வந்தது நரம்பு வழி வந்த பேதி. இந்த மருந்து ஏறும்போதே, அல்லது 24 மணி நேரத்துக்குள், குடல் நரம்புகளைத் தூண்டிவிடும். அதனால்தான் கண்ணீர், மூக்கொழுகல், எச்சில், வியர்வை எல்லாம் கூடவே வந்தன. போட்டது அட்ரோபின். அடுத்த முறை ட்ரிப்புக்கு முன்பே அதைப் போட்டுவிடுவார்கள்.

ஆறாம் நாள் வந்தது குடல் தோல் புண்பட்ட பேதி. அதற்கு அட்ரோபின் கேட்காது. இரினோடிகான் உடம்புக்குள் எஸ்.என்-38 என்ற வீரியமான பொருளாக மாறுகிறது. கல்லீரல் அதன்மேல் ஒரு சர்க்கரைத் துணுக்கை ஒட்டி, வீரியத்தை அடக்கி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியா அந்தத் துணுக்கைக் கத்தரித்துவிடும். மருந்து மறுபடி வீரியம் பெற்றுக் குடலின் உள்தோலை நேரடியாக அரிக்கும். சிலருக்குக் கல்லீரலில் அந்தத் துணுக்கை ஒட்டும் நொதியே பிறவியில் மந்தம். லேசான மஞ்சள் காமாலை அவ்வப்போது வந்து போகும் கில்பர்ட் குறைபாடு உள்ளவர்கள் இந்த வகையினர். மனைவிக்கு அப்படி ஏதேனும் உண்டா என்று யோசித்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

இந்தப் பேதிக்கு லோபரமைடு கணக்கும் வேறு. முதல் முறை தண்ணீராகப் போனதுமே இரண்டு மாத்திரை, அதாவது 4 மி.கி. பிறகு போனாலும் போகாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ராத்திரி நாலு மணி நேரத்துக்கு இரண்டு. பேதி நின்று 12 மணி நேரம் முழுசாகக் கழிந்த பின்தான் நிறுத்த வேண்டும். இந்த அளவு மாத்திரைப் பெட்டியில் போட்டிருக்கும் அளவைவிட அதிகம் என்று மருந்துக்கடைக்காரர் பயமுறுத்தலாம். ஆகவே உங்கள் டாக்டர் கைப்பட எழுதிய சீட்டாக இருக்கட்டும், ட்ரிப் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் இப்படித் தொடரக் கூடாது. குடல் அசைவே நின்றுவிடும் ஆபத்து உண்டு. 24 மணி நேரத்தில் அடங்காவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஆண்டிபயாட்டிக் தேவையா என்று பார்ப்பார்கள், லோபரமைடுக்கு அடங்காத பேதிக்கு ஆக்ட்ரியோடைடு என்ற ஊசியைத் தோலுக்கடியில் போடுவார்கள்.

கேள்வி: தம்பிக்கு 19 வயது, ரத்தப் புற்றுநோய். கீமோ தொடங்கி 12-ஆம் நாள் காய்ச்சல், பேதி, வலப்பக்க அடிவயிற்றில் வலி. பக்கத்துக் கிளினிக்கில் பேதி நிற்க மாத்திரையும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் கொடுத்தார்கள். மறுநாள் வயிறு வீங்கிவிட்டது. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துக் 'குடல் வீங்கியிருக்கிறது, ஆனால் ஆபரேஷன் செய்ய மாட்டோம்' என்கிறார்கள். அப்பெண்டிசைட்டிஸ் (குடல்வால் அழற்சி) என்றால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டாமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: தம்பிக்கு வந்திருப்பது அப்பெண்டிசைட்டிஸ் அல்ல என்றே உங்கள் விவரம் காட்டுகிறது. டாக்டர்கள் இதை டிஃப்ளைட்டிஸ் என்றோ நியூட்ரோபீனிக் என்டெரோகொலைட்டிஸ் என்றோ சொல்லியிருப்பார்கள். கீமோ தரும் குடல் சிக்கல்களிலேயே மிக அஞ்ச வேண்டியது இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கிருமியோடு முதலில் மோதும் வெள்ளையணு நியூட்ரோஃபில். கீமோ கொடுத்து 7 முதல் 14 நாளுக்குள் அது தரைமட்டத்துக்கு இறங்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனால் உடம்பு வாசல் திறந்த வீடு. அதே நாள்களில் குடலின் உள்தோலும் புண்பட்டிருக்கும். குடலுக்குள் எப்போதும் இருக்கும் கிருமிகள் அந்தப் புண் வழியாகக் குடல் சுவருக்குள் இறங்குகின்றன. தடுக்க ஆள் இல்லை. சுவர் வீங்கி, ரத்தம் கசிந்து, சில இடங்களில் அழுகி, ஓட்டை விழும் நிலைக்கும் போகலாம்.

வலப்பக்கம் ஏன்? சிறுகுடல் போய்ச் சேரும் இடத்தில் பெருங்குடல் ஒரு பைபோல் தொடங்குகிறது, சீக்கம் என்று பெயர். பெருங்குடலில் அதிகம் விரிவது அந்த இடம்தான். விரிந்த சுவரில் இழுவிசை அதிகம், ரத்த ஓட்டமோ ஒப்பிட்டால் குறைவு. அதனால் அடி அங்கே முதலில் விழுகிறது. குடல்வாலும் அங்கேயே தொங்குவதால் அப்பெண்டிசைட்டிஸ் போலவே தெரியும்.

கிளினிக்கில் கொடுத்த இரண்டு மாத்திரைகளும் இந்த நேரத்தில் கூடாதவை. பேதி நிற்க மாத்திரை கொடுத்தால் குடல் அசைவு அடங்கி, கிருமியும் அதன் நச்சும் உள்ளேயே தேங்கும், வயிறு ஊதும். பாராசிட்டமால் காய்ச்சலை மூடி மறைக்கும். வெள்ளையணு இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, வயிறு பலகைபோல் இறுகுவதுகூடத் தாமதமாகும். பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் மாத்திரை போட்டு அழித்துவிட்டால் டாக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? கிளினிக்காரரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அவரிடம் முதல் வார்த்தையாக 'கீமோ போட்டு 12 நாள் ஆகிறது' என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். கீமோ விவரச் சீட்டை நோயாளியின் சட்டைப் பையிலேயே வையுங்கள்.

ஆபரேஷன் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? வெள்ளையணு இல்லாதபோது போட்ட தையல் ஆறாது. தட்டணுவும் குறைந்திருக்கும், ரத்தம் நிற்காது. பெரும்பாலானவர்களுக்குக் கத்தி இல்லாமலே சரியாகிவிடும், வெள்ளையணு திரும்பி வரும்வரை குடலைக் காப்பாற்றி வைத்தால் போதும். அதற்காக வாய் வழி ஒன்றும் கொடுக்காமல் குடலுக்கு ஓய்வு, ட்ரிப்பில் நீரும் உப்பும், வயிறு உப்பியிருந்தால் மூக்கு வழி ஒரு குழாய், பிப்பராசிலின்-டாசோபாக்டம் அல்லது மெரோபெனம் போன்ற வீரியமான ஆண்டிபயாட்டிக். தேவைப்பட்டால் தட்டணு ஏற்றுவார்கள், வெள்ளையணுவை எழுப்பும் ஊசி போடுவார்கள். சி.டி. ஸ்கேனில் குடல் சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் இந்த நோய் என்று எடுத்துக்கொள்வார்கள், 10-ஐத் தாண்டினால் ஆபத்து மிக அதிகம். குடலில் ஓட்டை விழுந்தாலோ, ரத்தக்கசிவு எதற்கும் நிற்காவிட்டாலோ மட்டும் ஆபரேஷன். ஆகவே சர்ஜன் தினமும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.

எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, ஆசனவாயில் தெர்மாமீட்டர், கொலனாஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) எதுவுமே இந்த நாள்களில் கூடாது. மெல்லிய சுவரில் ஒரு சிறு கீறல் போதும், கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

கீமோ எடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதைச் சொல்கிறோம்: 7 முதல் 14-ஆம் நாளுக்குள் உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆண்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கும் அளவுகோல். அவசரப் பிரிவில் வரிசையில் உட்கார வைத்தால், 'கீமோ நோயாளி, காய்ச்சல்' என்ற இரண்டையும் சத்தமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மாமாவுக்கு லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்). வின்கிறிஸ்டின் சேர்ந்த கீமோ போட்டு ஐந்து நாளாக மலம் போகவில்லை. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா, எனிமா வைக்கலாமா? தொடையில் படர்தாமரைக்காகத் தோல் டாக்டரிடம் வாங்கிய மாத்திரையும் சாப்பிடுகிறார். (வாசகர், காரைக்குடி)

பதில்: கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எங்களுக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். இட்ராகொனசோல் என்று இருந்தால் அடுத்த மாத்திரை போடாமல் கீமோ டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வின்கிறிஸ்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அது முடக்கிவிடும். கீமோ மருந்து உடம்பில் அளவுக்கு மீறித் தேங்கி, நரம்புகள் கடுமையாக அடிபடும், குடல் ஸ்தம்பித்தே போகலாம். வொரிகொனசோல், போசகொனசோல் மருந்துகளுக்கும் இது பொருந்தும். படர்தாமரைக்குக் களிம்பு இருக்கிறது.

வின்கிறிஸ்டின் தனியாகவே குடல் நரம்புகளைத் தளர வைக்கும் மருந்து. விரல் நுனி மரமரப்பு, தாடை வலியும் கூட இருந்தால் மருந்தின் வேலைதான் என்று புரிந்துகொள்ளலாம். இதில் அடைப்பு பெரும்பாலும் மேல் பெருங்குடலில் இருக்கும். ஆசனவாய்ப் பக்கம் காலியாக இருக்கும், அதனால் எனிமா வைத்தாலும் வெறும் தண்ணீர்தான் வரும். வெள்ளையணு குறையும் நாள்களில் எனிமாவின் ஆபத்தை மேலே சொல்லியிருக்கிறோம். விளக்கெண்ணெய் அசையாத குடலைக் கசக்கி வலியைக் கூட்டும். இசப்கோலும் வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு அது உள்ளே களிபோல் இறுகிக்கொள்ளும்.

முதலில் பார்க்க வேண்டியது, காற்றுப் பிரிகிறதா என்று. காற்றும் பிரியவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, வாந்தி வருகிறது என்றால் எந்த மலமிளக்கி மருந்தும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காற்றுப் பிரிகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பாலிஎதிலீன் கிளைகால் பொடி 17 கிராம் ஒரு டம்ளர் தண்ணீரில், கூடவே ராத்திரி பைசகோடில் 5 மி.கி. ஒன்றோ இரண்டோ. பைசகோடிலைப் பாலோடும் அசிடிட்டி மருந்தோடும் சேர்க்கக் கூடாது. அதன் மேல்பூச்சு வயிற்றிலேயே கரைந்து குமட்டும்.

அடுத்த சைக்கிளில் ஐந்து நாள் காத்திருக்காதீர்கள். ட்ரிப் போட்ட அன்றைக்கே மலமிளக்கியைத் தொடங்கினால்தான் பலன். வாந்திக்குப் போடும் ஆன்டன்செட்ரான், பாலோனோசெட்ரான் மருந்துகளும் மலத்தைக் கட்டும். பாலோனோசெட்ரான் ஒரே ஊசி பல நாள் நிற்கும். வின்கிறிஸ்டின், வாந்தி மருந்து இரண்டின் வேலையும் ஒரே வாரத்தில் வந்து சேர்கிறது.

கேள்வி: அத்தைக்கு மார்ஃபின் மாத்திரை. ஒரு வாரம் மலச்சிக்கல், இப்போது தெரியாமலே தண்ணீராகக் கசிகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். கெட்டிப்பட்ட மலம் வழியை அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர் கசிகிறது. பார்வைக்குப் பேதி, உள்ளே மலச்சிக்கல். டாக்டர் பார்த்து அடைப்பை எடுக்க வேண்டும். மார்ஃபின் சாப்பிடும் வரை மலமிளக்கியும் தினம் கூடவே போக வேண்டும், வலி மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: காய்ச்சலுக்கு அட்மிட் ஆகி ஆண்டிபயாட்டிக் போட்டு வீடு வந்து ஒரு வாரம். இப்போது நாற்றத்தோடு தண்ணீராகப் போகிறது. கீமோ போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டதே? (வாசகர், வேலூர்)

பதில்: நாள் கணக்கு கீமோவோடு பொருந்தவில்லை என்பதை நீங்களே கவனித்திருக்கிறீர்கள். ஆண்டிபயாட்டிக் நல்ல கிருமிகளை அழித்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகியிருக்கலாம். மலத்தில் அதன் நச்சைப் பார்க்கும் சோதனை உண்டு. உறுதியானால் வான்கோமைசின் 125 மி.கி. நாளுக்கு நாலு வேளை, பத்து நாள், வாய் வழியாக. ரத்தத்தில் ஏற்றினால் குடலுக்குள் போய்ச் சேராது. சோதனை முடிவு வரும்வரை லோபரமைடு வேண்டாம். கவனித்துக்கொள்பவர்கள் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கை கழுவ வேண்டும். சானிடைசருக்கு இந்தக் கிருமியின் வித்துகள் சாகாது. கழிப்பறையைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கீமோ இல்லை, நிவோலுமாப் ஊசிதான். இரண்டு மாதம் கழித்துப் பேதி. இதற்கும் லோபரமைடுதானா? (வாசகி, கோவை)

பதில்: இல்லை. இது நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்து. எழுந்த சக்தி சொந்தக் குடலையே தாக்குகிறது. வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரும், மருந்தை நிறுத்திய பின்னும் வரும். கிருமித் தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், பல வாரங்களில் மெல்லக் குறைப்பார்கள். லோபரமைடால் மூடி மறைத்து நாளைக் கடத்தினால் குடல் ஓட்டை விழும் வரை போகலாம். இன்றே தெரிவியுங்கள்.

கேள்வி: மலம் போகும்போது கத்தி வைத்து அறுப்பதுபோல் வலி, துளி ரத்தம். மூல நோய் மருந்து வைக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய அகலப் பாத்திரத்தில் நாளுக்கு மூன்று முறை 10 நிமிடம் உட்காருங்கள், ஒற்றித் துடையுங்கள், மலம் இளகலாகப் போகப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வைக்கும் மாத்திரை வேண்டாம். வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால், வெளியே வீக்கம் ஒன்றும் தெரியாவிட்டாலும், அது அவசரம்.

கேள்வி: கீமோ போட்ட பின் படுக்கையிலேயே போய்விடுகிறது. சுத்தம் செய்யும் எங்களுக்கு மருந்தால் தீங்கு வருமா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: ட்ரிப் முடிந்து 48 மணி நேரம் வரை மலத்திலும் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கழற்றிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழிப்பறையை மூடி போட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். நனைந்த துணியைத் தனியாக ஒருமுறை அலசி, மறுபடி மற்ற துணிகளோடு துவைக்கலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். நோயாளியின் தோலை ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவி ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பு மெல்லப் பூசுங்கள், ஈரத்தில் தோல் வெந்துபோகாமல் இருக்கும்.